வெடித்ததற்குச் சாட்சி

அந்தத் தாவர ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கரைசலக்கா. மகரந்தம் முளைப்பதற்கான சர்க்கரைக் கரைசலை எட்டு வருடம் தினக்கூலிக்குக் கலக்கியவள். அதில் தூவிய மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் மயிரிழைபோல ஒரு குழாயை நீட்டும். பூவுக்குள் சூலைத் தேடிப் போவது அந்தக் குழாய்தான்.

மூன்று வருடம் முன்பு, பதினேழாவது வரிசைச் செடியின் குழாய்கள் நீண்ட வேகத்தில் நுனி வெடித்துச் சிதறின. சர்க்கரை குறைந்தாலும் அப்படி வெடிக்கும். பேராசிரியர் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். அதே குடுவைக் கரைசலில் பதினாறாவது வரிசை வெடிக்கவில்லையே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தினக்கூலியிடம் அறிவியல் கேட்கும் வழக்கம் அந்தப் பெரிய மனுஷருக்கு இல்லை. குழாய்கள் வெடித்த விவரத்தை மேலே எழுதி, அதற்கு இவளுடைய கவனக்குறைவே காரணம் என்று கீழே எழுதி, தேதி போட்டு ஒரு மெமோ கொடுத்தார். அன்றிலிருந்து பாட்டில் கழுவும் வேலை. சர்க்கரைத் தண்ணீர் கலக்கக்கூட லாயக்கில்லையா என்று வீட்டில் கணவன் சிரித்தான். கொடுமை என்னவென்றால், அவளே பாதி நம்பிவிட்டாள்.

இந்த வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவி உண்மையைக் கண்டுபிடித்தாள். பதினேழாவது வரிசையில் ஒரு மரபணு பழுது. குழாய்ச் சுவரைக் கெட்டிப்படுத்தச் சொல்வது அந்த மரபணுதான். சுவர் மெலிந்து, உள்ளழுத்தம் தாங்காமல் வெடித்திருக்கிறது. கேக் வெட்டினார்கள். தட்டுகளைக் கழுவிய கரைசலக்காவுக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி. மெமோ இருந்தால் கூப்பிடவே மாட்டார்கள். அதை ரத்து செய்யச் சொல்லிப் பேராசிரியரிடம் போய் நின்றாள்.

"உன் மேல தப்பில்லம்மா, எனக்குத் தெரியும்," என்றார் அவர். "ஆனா இதை நாங்கதான் முதல்ல பார்த்தோம்னு இன்னொரு ஆய்வுக்கூடம் சண்டைக்கு வருது. நாம முன்னாடியே பார்த்ததுக்குத் தேதி போட்ட காகிதம் அந்த மெமோ ஒண்ணுதான். ரத்து பண்ணின காகிதத்தை யாரும்மா சாட்சியா எடுத்துப்பாங்க? ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்றாள். அடப்பாவமே என்றார் அவர். நிஜமாகவே வருந்தினார். பிறகு மெமோவை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"சாட்சிக்கு அனுப்பணும். காரணம் எழுதியிருக்கிற கீழ்ப்பாதியை மடிச்சுட்டு காப்பி எடு. அதுல உன் பேரு எதுக்கு?"

அவள் மடித்தாள். எத்தனை பிரதி என்று மட்டும் கேட்டாள்.