பன்னிரண்டு மணிக்கு மூன்று அடி

சேலத்தின் கிழக்குக் கோடியில் இருந்த மாதா கோயிலில் பாக்கியநாதன் கோயில்பிள்ளை. பீடம் துடைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மணியடிப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். முதல் இரண்டைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் இருந்ததில்லை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று தினமும் மூன்று வேளை திரிகால செபத்துக்கு மணி. மூன்று அடி, ஒரு மந்திரம் சொல்லும் நேரம் நிறுத்தம், மறுபடி மூன்று, மறுபடி மூன்று.

“டவுன்ல பாதிப் பேரு என் மணியக் கேட்டுத்தான் கடியாரத்தத் திருப்பி வைக்கிறாங்க” என்பார்.

“மீதிப் பேருகிட்ட கடியாரமே இல்ல” என்பாள் மனைவி அன்னாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு மோட்டார் கிளப் கார் பந்தயம் வைத்தது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டையும் இரண்டு கிளை ரோடுகளையும் மறித்து, திருப்பங்களில் வைக்கோல் கட்டும் தார்ப் பீப்பாயும் அடுக்கி, மூன்று மைல் சுற்று ஒன்று உண்டாக்கினார்கள். மொத்தம் இருபது சுற்று. முதலில் வருகிறவன் கடைசிச் சுற்றில் நுழையும்போது மணியடிக்க வேண்டுமாம். மணிக்கு எங்கே போவது? கோபுரம் இல்லாத கோயில் என்பதால் எங்கள் மாதா கோயில் மணி இரண்டு கல்தூணுக்கு நடுவில்தான் தொங்கியது. அதைக் கழற்றிக் கொடுத்த பங்குச் சாமியார், அடிக்கிற ஆளையும் சேர்த்தே அனுப்பினார்.

“அப்ப பன்னண்டு மணிக்கு, சாமி?” என்று கவலையோடு கேட்டார் பாக்கியநாதன்.

“பதினொன்றரைக்கே பந்தயம் முடிஞ்சிடும். ஒரு நாள் மாதா பொறுத்துக்குவா” என்றார் சாமியார்.

மாதா பொறுத்திருப்பாள். எருமைகள்தான் பொறுக்கவில்லை. ரோட்டில் படுத்துவிட்ட நாலு எருமைகளைக் கிளப்பவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம்தான் கொடி அசைந்தது. ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள், கோயமுத்தூர் மில் முதலாளிகளின் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு கார்கள். உள்ளூர் ஆள் என்று பார்த்தால் ஒரே ஒருவன், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்து சேலம் லாரிப்பேட்டையில் வண்டி ஓட்டிய டிரைவர் வேலுமணி. அவனுடைய லாரி முதலாளி அர்த்தநாரிதான் பழைய கார் ஒன்றை உரித்துக் கட்டி அவனிடம் கொடுத்திருந்தார். எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு வேலுமணி தன்னந்தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தான். ஜனங்கள் வைக்கோல் கட்டுகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் மணியைத் தொங்கவிட்டு, கயிறோடு நின்ற பாக்கியநாதனும் கத்தினார்.

பதினைந்து சுற்று முடிந்து அவன் கோட்டைத் தாண்டிய அதே நேரத்தில், தூரத்தில் மில் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. பாக்கியநாதன் யோசிக்கவே இல்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. டங், டங், டங். உதடு மந்திரத்தைத் தொடங்கிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கயிற்றை விட்டுவிட்டார். பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை போலிருந்தது.

மணிக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வந்த ஒருவன் காதில் விழுந்திருந்தது. அடுத்த சுற்றை உயிரைக் கொடுத்து ஓட்டி வந்த வேலுமணி, கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே காரை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினான். இன்னும் நாலு சுற்று இருக்கிறது என்று கிளப்காரர்கள் ஓடி வந்து கத்தினார்கள். கொதித்துப்போன இன்ஜின் மறுபடி பிடிக்கவில்லை. மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அவனைக் கடந்து போயின.

“மணி அடிச்சாங்களுங்க! எங்காதுல கேட்டனுங்க!” என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். கிளப் காரியதரிசி பாக்கியநாதனிடம் வந்து கேட்டார்.

“கடைசிச் சுத்துக்கு நான் மணி அடிக்கலைங்க” என்றார் பாக்கியநாதன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் அடித்தது செபத்துக்குத்தானே! அந்த வாக்கியத்தை இரண்டு நொடியில் எப்படிக் கட்டினோம் என்று அவருக்கே பிற்பாடு ஆச்சரியமாக இருந்தது. வேலுமணி அவர் முகத்தையே பார்த்தான். அவர் கயிற்றுக்கு முடிச்சுப் போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அன்று முதல் அவனுக்கு ‘மணி கேட்ட வேலுமணி’ என்று பெயர் விழுந்தது. சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. இல்லாத மணி காதில் கேட்கிறவனை நம்பி எப்படி வண்டி கொடுப்பது? அர்த்தநாரி அவனை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிவிட்டார். ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில் அவன் மூட்டை சுமப்பதைப் பார்த்த பாக்கியநாதன் வேறு சந்தில் திரும்பினார். வெட்கம் சோற்றில் கல்லாகக் கடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். “அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லு” என்றார் சாமியார். அதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு பங்குக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அன்னாளிடம்கூடச் சொல்லவில்லை. மணியைப் பற்றிப் பெருமை பேசுவது மட்டும் நின்றுபோனது. அவளும் கேட்கவில்லை.

ஆறு வருஷம் போனது. கோயிலுக்குக் கோபுரம் கட்டச் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கிய நாள், சுமந்து வந்தவர்களில் ஒருவன் வேலுமணி. தலைப்பாகையும் முகமும் வெள்ளையாக இருந்ததால் பாக்கியநாதனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது மில் சங்கு ஊதிவிட்டது. கயிறு கையில். அடிக்காமல் இருந்துவிடலாமா என்று முதல்முறையாக நினைத்தார். அடித்தார். மூன்று அடி.

வேலுமணி மூட்டையைக் கீழே போட்டான். முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. மெல்ல அருகில் வந்தான்.

“ஏனுங்க, இப்ப மூணு தரம் மணி கேட்டுதுங்களா? இல்ல, எனக்கு மட்டுந்தானுங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். ஊர் சொல்லிச் சொல்லி, தன் காதைத் தானே நம்பாதவனாக ஆகியிருந்தான். பாக்கியநாதன் கயிற்றை விட்டார். கல்தூணைப் பிடித்துக்கொண்டார்.

“நெசமாத்தான்ப்பா அடிச்சுது. நான்தான் அடிச்சேன்.” கையால் மணியைக் காட்டினார். “அன்னைக்கும் நான்தான் அடிச்சேன். இதே மணி, இதே மூணு அடி. கேட்டப்ப மறைச்சுட்டேன்.”

வேலுமணி மணியை அண்ணாந்து பார்த்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தார் பாக்கியநாதன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் அடிக்கவில்லை. சுண்ணாம்புக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“லாரிப்பேட்டைக்கு வாங்க. அல்லாருத்துக்கும் முன்னால இதச் சொல்லுங்க” என்றான். “எங்கூட்டுலயும் வந்து சொல்லோணும்.”

கோயில் வேலிக்கு வெளியே செபத்துக்காகக் கைகூப்பி நின்ற தெரசம்மாள், மீதி ஆறு அடியை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். கோயில்பிள்ளையை ஒரு மூட்டைக்காரன் கையைப் பிடித்து நடுரோட்டில் அழைத்துப்போவதைப் பார்த்து, “என்னங்க, மணி பாதியில நிக்குது?” என்று கேட்டாள். பாக்கியநாதன் அவளிடமிருந்தே தொடங்கினார்.