எல்லோரும் இறங்கியபோது நாங்கள் ஏறினோம்

என் கணவர் இரண்டாவது முறை மயங்கி விழுந்தது ஒரு சித்திரை மாத மத்தியானத்தில். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் அவர் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் முறை விழுந்தபோது, சாப்பிடாமல் வேலைக்குப் போனதால் வந்தது என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். இந்த முறை அது நடக்கவில்லை. அன்று காலையில் நான்தான் அவருக்கு நான்கு தோசை சுட்டுப் போட்டிருந்தேன்.

நான் நர்ஸாக வேலை பார்த்த நர்சிங் ஹோமுக்கே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு கொதித்தது, ஆனால் தோலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும். ஈரத் துணியால் சுற்றி, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். மறுநாள் டாக்டர் அவரிடம் சுருக்கமாகச் சொன்னார்: "ஒண்ணு பாய்லரை விடுங்க, இல்லேன்னா இந்த ஊரை விடுங்க. மூணாவது தடவை விழுந்தா நான் பொறுப்பில்லை."

அவருக்குத் தெரிந்த ஒரே வேலை பாய்லர்தான். அதற்குப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியிருந்தார். ஆகவே ஊரை விடுவது பற்றிப் பேச ஆரம்பித்தோம். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. தூக்கிக்கொண்டு போக இரண்டு பெட்டியும் ஒரு கட்டிலும்தான்.

என்னோடு நர்ஸிங் படித்தவள் ஒருத்தி குன்னூருக்கு அப்பால் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலையை விடப்போகிறாள், குவார்ட்டர்ஸோடு அந்த இடம் காலியாகிறது என்று எழுதியிருந்தாள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு மலை நினைவுக்கு வரவில்லை, ஈரத் துணியில் சுற்றிக் கிடந்த மனுஷர்தான் நினைவுக்கு வந்தார்.

ஆனால் அது தேயிலை விலை விழுந்துகிடந்த காலம். பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல் சின்ன விவசாயிகள் செடியைப் பறிக்காமலே விட்டிருந்தார்கள். பாக்டரிகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடின. மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். எங்கள் நர்சிங் ஹோமில் வேர்க்குரு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். ஒரு நாள் பிசிறு வெட்டும் வேலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டே, நாங்கள் குன்னூர்ப் பக்கம் போக யோசிக்கிறோம் என்றேன். அவள் வலியை மறந்து சிரித்தாள்.

"என்னங்க சிஸ்டர், நாங்க பொழைக்க வழியில்லேன்னு எறங்கி வாறோம். நீங்க ஏறிப் போறீங்களா?"

வைகாசியில் இரண்டு நாள் லீவு போட்டுப் பார்க்கப் போனோம். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது என் கணவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேயே காற்று மாறியிருந்தது. அதற்கு மேல் வளைவுகளில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்தே ஒரு வருஷம் இருக்கும். அவரை எழுப்பாமல் உட்கார்ந்திருந்ததில் என் கை மரத்துப்போனது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒரு பள்ளத்தில் இருந்தது. ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, வாரம் ஒரு முறை வந்துபோகும் டாக்டர். மேனேஜர் என்னிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டு, "எப்ப வந்து சேர்றீங்க?" என்றார். என் கணவரின் சர்டிபிகேட்டை நன்றாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாக்டரியில இருக்கறவங்களுக்கே வேலை இல்லைங்க. விலை ஏறினா பாக்கலாம். இப்போதைக்கு உங்களுக்குன்னு எதுவும் சொல்ல முடியாது." மறைக்காமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த பெண்தான் குவார்ட்டர்ஸைத் திறந்து காட்டினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தவள். அங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். அவளும் என்னைக் கடைசிவரை அப்படியே கூப்பிட்டாள். ஜன்னலைத் திறந்ததும் நல்ல வெயில், எதிரே பச்சைச் சரிவு. நான் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"இப்ப வந்து பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க மிஸ்ஸி. மார்கழியில வந்து ரெண்டு நாள் தங்கிப் பாருங்க. அதுக்குப் பொறவும் புடிச்சிருந்துச்சின்னா வாங்க."

மார்கழி வரை அந்த இடம் காலியாக இருக்காது. அதை அவளிடம் சொன்னேன்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

திரும்பி வந்து ஒரு வாரம் பேசினோம். என் வேலை உறுதி, அவர் வேலை இல்லை. அவர் உடம்புக்கு மலை நல்லது, என் உடம்பு எப்படி என்று தெரியாது. தேயிலை இன்னும் விழுந்தால் ஆஸ்பத்திரியையும் மூடலாம். இங்கேயே இருந்தால் அடுத்த சித்திரை வரும். எந்தப் பக்கம் பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தச் சித்திரையில் வந்து நின்றது. அவர்தான் பிடிகொடுக்கவில்லை.

"நீ வேலைக்குப் போயிட்டு வர்றவரைக்கும் நான் ஊட்டுல உக்காந்து என்ன பண்றது? மலையப் பாத்துட்டு இருக்கறதா?"

"ஏனுங்க, மலையப் பாத்துட்டு உக்காந்திருங்க. அந்த மொகத்தைப் பாத்துட்டு நானாவது நிம்மதியா இருக்கறனுங்க."

மறுநாள் காலையில் அவர் கட்டிலின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஆடியில் போய்ச் சேர்ந்தோம். முதல் மூன்று வாரம் மழையும் மூடுபனியும்தான். துவைத்த துணி காயவே இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினோம். எல்லாச் சேலையிலும் புகை வாடை. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. ஆனால் என் கணவருக்குப் பசி திரும்பி வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. குன்னூரில் வாங்கிய பழுப்பு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவர் எஸ்டேட் ரோட்டில் நடந்துபோவதை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். போகும்போது வேகமாகப் போவார். திரும்பும்போது, வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல ஒவ்வொரு அடியாக வைத்து வருவார். உடம்பு தேறிய அளவுக்கு மனசு தேறவில்லை. பாக்டரி வாசலில் தினமும் போய் நின்றார். அங்கே நிரந்தர ஆட்களே வேலை இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் பாக்டரிக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய டீசல் பீப்பாயை மேனேஜரிடம் கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தார். அதை நெருப்பு போட்டுச் சுத்தம் பண்ணி, கீழே தண்ணீர் நுழையவும் மேலே வெந்நீர் வெளியேறவும் குழாய் பொருத்தி, செங்கல் அடுப்பின் மேல் நிறுத்தினார். கவாத்து வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிகளை அங்கே மிலாறு என்பார்கள். அதைத்தான் எரித்தார். ஆஸ்பத்திரியின் பின்வாசலில் முதல் தடவையாகக் குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. ஆயா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இத்தன வருசம் எங்க இருந்தீங்க?" என்றாள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் தினமும் காலை ஐந்து மணிக்கு ஷிப்டுக்குப் போகிறவர் போல எழுந்து போய் மூட்டினார்.

மார்கழியில் என் முறை வந்தது. முதலில் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு சிவந்து வீங்கி அரித்தன. சில்பிளெய்ன் என்று பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அது இப்படி இருக்கும் என்று தெரியாது. கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொடும் முன் கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். அப்படியும் அவர்கள் துள்ளுவார்கள். குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட நேரம் பிடித்தது. இதையெல்லாம் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கட்டிலைக் கழற்றிவிடுவார்.

தை பிறந்த வாரம் ஒரு நாள், விடிந்ததும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் பள்ளத்துக்கு வெயில் இறங்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். தலைப்பிரசவம் இல்லை, சிக்கலும் இல்லை. குழந்தை சீக்கிரமே பிறந்துவிட்டது. அழவும் செய்தது. தொப்புள்கொடியைக் கட்ட நூலை எடுத்தேன். விரல்களுக்கு நூல் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. முடிச்சைப் போட்டு இழுத்தேன், நழுவியது. மறுபடி போட்டேன், மறுபடி நழுவியது. மூன்றாவது முறை நூலே கீழே விழுந்துவிட்டது. பெண் பிள்ளை. ஈர உடம்பில் கைகால்கள் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தன.

ஆயா வேறு நூலை எடுத்து, நான் காட்டிய இடத்தில் இரண்டு முடிச்சு போட்டாள். அவள் கைகள் அந்தக் குளிரில் வளர்ந்த கைகள். நான் வெட்டினேன். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் வெறும் உடம்போடு ஒட்டிப் போட்டு, மேலே கம்பளியை மூடினோம். அறைக்கு வெளியே என் கணவரைக் கூப்பிட்டு வெந்நீர் கேட்டேன். அவர் பாட்டில்களில் பிடித்துத் துணி சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அரை மணியில் குழந்தையின் பாதம் வெதுவெதுப்பானது. தாய்க்கு நடந்தது எதுவும் தெரியாது. "பால் குடிக்குது மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கணவர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்குது?"

"ஒரு மாசமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கீழ போலாம்பீங்க."

"போலாந்தான். போனாப் போச்சு. எனக்காக உன்ற கைய விட்டுருவியா?"

அன்றைக்கு முடிவெடுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு வாளி வெந்நீரை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார், ஆறினால் மாற்றினார். கொதிக்கிற நீரில் கையை விடாதே, புண்ணாகும் என்று டாக்டர் எச்சரித்தார். வெதுவெதுப்பாக வைத்துக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டதில் பங்குனிக்குள் விரல்கள் தேறிவிட்டன. குளிர் ஊரில் எப்படி வேலை செய்வது என்பதை நான் கற்றுக்கொள்ள ஒரு பனிக்காலம் ஆனது. அந்தக் குழந்தை என் கற்றலுக்கு விலை கொடுக்காமல் தப்பியது. அதை இன்றும் லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதற்கடுத்த வருஷம் நாங்கள் பயந்தது நடந்தது. பாக்டரி நின்றது. பிறகு ஆஸ்பத்திரியையும் மூடினார்கள். ஒரு நாள் மத்தியானம் மீதி மருந்துகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டாள்.

"எங்க வீட்டுல திருப்பூருக்குப் போவோங்கிறாக. அங்க வெயில் தாங்குமா மிஸ்ஸி? ஒளிக்காம சொல்லுங்க."

சொன்னேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான் வீடு கிடைக்கும், பங்குனியிலிருந்து ஆனி வரை பகலில் உள்ளே இருக்க முடியாது, தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும், கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை என்றேன். வேலை மட்டும் கிடைக்காமல் போகாது என்றும் சொன்னேன். பனிக்காலமெல்லாம் அவளைப் படுத்திய மூட்டுவலிக்கு வெயில் நல்லதுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன், அதுவும் உண்மைதான். நான் முன்பு வேலை பார்த்த நர்சிங் ஹோமுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவளை அங்கேயே ஆயாவாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பொங்கலுக்கு மேலே வந்தபோது கறுத்து இளைத்திருந்தாள். "ஊரு புடிக்கல மிஸ்ஸி. ஆனா முட்டிவலி போயிருச்சி" என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

நாங்கள் கீழே போகவில்லை. அதற்குக் காரணம், அதுவரை கணக்கிலேயே வராத என் கணவரின் வேலை. குன்னூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் பாய்லர் ஆப்பரேட்டர் தேவைப்பட்டது. சர்டிபிகேட் உள்ள ஆட்கள் எல்லோரும் கீழே போயிருந்தார்கள். இவரை மறுநாளே வரச் சொன்னார்கள். முதல் நாள் போய்விட்டுச் சாயங்காலம் வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்த்திருந்தது, தொட்டபோது குளிர்ச்சியாக இருந்தது.

"வெளிய வந்து நின்னா போதும், ரெண்டு நிமிசத்துல ஆறிப்போவுது" என்றார். பிறகு ஒரு தட்டு சோறு அதிகமாகவே சாப்பிட்டார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து குன்னூரில் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். எனக்கு ஒன்றரை வருஷம் வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் மகள் பிறந்தாள். பிறகு ஒரு பள்ளி விடுதியில் நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். இப்போதும் மலைக்கு வேலைக்கு வரலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறவர்களிடம் யாருடைய உடம்புக்கு என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே குளிர் இரண்டு விதமாகத்தான் இருக்கும்.

அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இங்கேயே ஒரு வீடு பார்க்கலாம் என்கிறார். எனக்குப் பனியில்லாத ஈரோட்டுப் பக்கம் போனால் தேவலை என்றிருக்கிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.