கோல் விழும்போது டீ வாங்கப் போனவர்

எங்கள் அணி சொந்த மைதானத்தில் போட்ட கோல் ஒன்றைக்கூட ஆறு வருஷமாகக் கண்ணால் பார்க்காத ரசிகர் ஒருவர் எங்கள் வரிசையில் இருந்தார். காசு கொடுக்காமல் வேலி ஏறிப் பார்த்தவர் இல்லை. வருஷம் தவறாமல் முழு சீசனுக்கும் பணம் கட்டி, தூண் மறைக்காத நல்ல இருக்கையில் உட்கார்ந்தவர். அவரைப் பார்க்கவிடாமல் செய்த பாவத்தில் பெரிய பங்கு என்னுடையது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மேலும் கீழும் போகும்போது சுவரில் காதை வைத்துக் கேட்டே, எந்த மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவாராம். பேச்சு குறைவு. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கம்பெனி கொடுத்த மஞ்சள் கோட்டோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். பையில் ஒரு குட்டைப் பென்சில் இருக்கும். எங்களுக்கு அவர் லிஃப்ட் அண்ணன். எனக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பிளம்பரான என் வீட்டுக்காரர். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாருக்கு எது தெரியவில்லை என்று கேட்பதுதான் என் தொழில். பக்கத்து இருக்கைக்காரரை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் சீசனில் ஒரு நாள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவர் எழுந்து, "டீ வாங்கப் போறேன், யாருக்காவது வேணுமா?" என்றார். போன இரண்டாவது நிமிஷம் கோல். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் பேசாமல் உட்கார்ந்துதான் இருந்தார். நான்தான் கையில் பணத்தைத் திணித்து, "அண்ணே, போய் பாப்கார்ன் வாங்கிட்டு வாங்க, ராசி கெட்டுடப்போகுது" என்று விரட்டினேன். அன்றும் கோல்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். இரண்டாம் பாதியில் பின் வரிசைகள் எல்லாம் சேர்ந்து, "லிஃப்ட்டு, தூக்கு!" என்று கத்துவார்கள். அவர் சிரித்தபடி எழுந்து எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்குவார். முதல் பாதியில் கோல் போடும் கெட்ட பழக்கம் எங்கள் அணிக்கு எப்போதுமே கிடையாது. ஒரே ஒரு தடவை அவர் உட்கார்ந்திருக்கும்போது பந்து வலைக்குள் போனது. துள்ளி எழுந்தார் மனிதர். ஆஃப்சைட், கோல் செல்லாது என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள்.

டீத் தட்டோடு திரும்பி வந்ததும், "எப்படிப்பா போச்சு?" என்று கேட்பார். நாங்கள் ஆட்டத்தில் கண்ணாக இருப்போம். "தலையால முட்டினான்ணே" என்பேன் நான். என் வீட்டுக்காரரோ, "உள்ள போச்சு" என்பதோடு சரி.

போன குளிர்காலத்தில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகியது. வீட்டுக்காரரோடு நானும் போனேன். தனியாளாக இருக்கிற வீடு. அலமாரியில் கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு டம்ளர், பக்கத்தில் மாடி எண் போட்ட பழைய லிஃப்ட் பொத்தான்கள், ஒரு பிஸ்கட் டப்பா. வீட்டுக்காரர் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, பிஸ்கட்தானே என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே டிக்கெட் தாள்கள். எங்கள் சீசன் டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம். ஆட்டத்துக்கு ஒரு தாள். வாசலில் பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியை நம்மிடம் தருவார்கள். நான் அதைப் பல் குத்தத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

அவர் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

'63ஆவது நிமிஷம். தலையால். கண்ணாடிக் கடைத் தங்கச்சி சொன்னது.'

'71ஆவது நிமிஷம். உள்ளே போனது. பிளம்பர் சொன்னது.'

'உள்ளே போனது. பிளம்பர் சொன்னது.' 'உள்ளே போனது. பிளம்பர் சொன்னது.' ஒரு கட்டு முழுக்க அப்படித்தான் இருந்தது. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, பாவம். கோபம் என்மேல்தான்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் இதே பிரிவில் இருப்போம். இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். வாசலில் நிற்கும்போது அண்ணன் என்னிடம், "அடுத்த வருஷப் புத்தகம் வாங்கலம்மா. விலைய ரொம்ப ஏத்திட்டாங்க. இன்னிக்கோட சரி" என்றார். மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். இன்றைக்கு விட்டால் இந்த மனிதர் ஒரு கோலைக்கூடப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

எண்பதாவது நிமிஷம் வரை கோலே இல்லை. பின்னால் கத்தல் தொடங்கியது. "லிஃப்ட்டு, தூக்கு! தூக்கு!" அவர் எழுந்து எங்கள் பணத்துக்குக் கை நீட்டினார்.

"உக்காருங்கண்ணே" என்றேன்.

"விளையாடாத தங்கச்சி. கீழ போயிடுவோம்."

"போனா போகட்டும். உக்காருங்க. நான் போறேன்."

"நீ போனா எப்படிம்மா கோல் விழும்?"

"கோட்டைக் கழட்டுங்க."

திருதிருவென்று முழித்தார். நானே அவர் தோளிலிருந்து கோட்டை உருவிப் போட்டுக்கொண்டேன். முழங்கால் வரை வந்தது. "ராசிக்கு என்ன கண்ணா இருக்கு? மஞ்சள் கோட்டு இறங்கிப் போகுது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தர், "டீமை ஒழிச்சுக் கட்டப் போறியாம்மா?" என்று கத்தினார். "நீங்க வேணா வந்து டீ வாங்குங்க" என்றேன்.

படிக்கட்டுக்கு அடியில், கூட்டமே இல்லாத தாழ்வாரத்தில், டீக்கடைக்கார அக்கா கோட்டைப் பார்த்துப் பதறிப்போனார். "அவரு எங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"மேல உக்காந்து மேட்ச் பாக்கறாருக்கா."

"அப்பாடா" என்று மூன்று டீயும் பாப்கார்னும் எடுத்து வைத்தார். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் பணத்தை நீட்டினேன். அக்கா எண்ணிவிட்டு விலைப்பலகையைக் காட்டினார். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது முதல் சீசன் விலை. வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே வந்து, இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி இருந்தார்கள்.

"மீதிய அவரு சொந்தமாப் போட்டுடுவாரு. உங்ககிட்ட சொன்னதே இல்லையா?" என்றார் அக்கா.

என் பர்ஸைத் தேடினேன். கண் கலங்கியதில் கோட்டின் பை எது, என் பை எது என்றே தெரியவில்லை. அப்போதுதான் மேலே அந்தச் சத்தம். கட்டடமே உறுமியது. போட்டது நாங்களா, அவர்களா? ஆறு வருஷமாக எல்லாக் கோலையும் கண்ணால் பார்த்தவளுக்குக் காதால் கேட்டு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா அண்ணாந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "நம்மதுதான். அவரு சொல்லிக் குடுத்திருக்காரு. அவங்க போட்டா ஒரு ஓரம் மட்டும் கத்தும். நம்ம பசங்க போட்டா உத்தரம் அதிரும். எல்லாரும் தட்டைப் போட்டுட்டு மேல ஓடுவாங்க. அவரு மட்டும் கண்ணை மூடிக் கேட்டுட்டு நிப்பாரு. முடிஞ்சப்புறம்தான் சர்க்கரை போடுவாரு."

பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தட்டோடு படியேறினேன். பாதி டீ கோட்டில். வரிசையே ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் அண்ணன் வெறும் சட்டையோடு நின்றிருந்தார், இரண்டு கையும் தலைமேல்.

"எப்படிண்ணே போச்சு?" என்றேன்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "உள்ள..."

"நீ சும்மா இருப்பா" என்றார் லிஃப்ட் அண்ணன். அவர் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார். இன்னும் ஆட்டம் பாக்கி. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"கேளு தங்கச்சி. அவங்க கோல்கீப்பர் உதைச்சான். பந்து நம்ம குட்டைப் பையன்கிட்ட வந்துச்சு. அவன் உடனே உதைக்கல. நின்னான். நிக்கிறாம்மா! எனக்கு உசுரே போயிடுச்சு. ஒருத்தன் ஓடி வந்தான், அவன் காலுக்கு நடுவுல தள்ளிவிட்டான். அப்புறம் இடது கால். அவனுக்கு இடது காலே கிடையாதுன்னு நீதானே திட்டுவ? அதே இடது கால். பந்து மெதுவாத்தான் போச்சு. கோல்கீப்பர் விழுந்தான். விரல்ல பட்டுச்சு, நான் பாத்தேன். கம்பத்துல இடிச்சு, உருண்டு, கோல் கோட்டுமேல ஒரு நொடி யோசிச்சுது. அப்புறம் உள்ள போச்சும்மா. வலை எப்படி ஆடுதுன்னு தெரியுமா? நீங்க யாரும் வலை ஆடறதைப் பத்திச் சொன்னதே இல்லையே!"

"இல்லண்ணே" என்றேன்.

அந்த ஒரு கோலில் ஜெயித்துவிட்டோம். கடைசி விசில் ஊதியபோதும் அவர் வலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். டீக் கறையைப் பார்த்துச் சிரித்தார். பென்சிலை எடுத்துத் தன் தாளின் பின்னால் எழுதினார். நிறைய எழுதினார், இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி.

"அண்ணே, அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

என் தாளைப் பையிலிருந்து தேடி எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினேன்: '84ஆவது நிமிஷம். இடது காலால். கோட்டின்மேல் ஒரு நொடி யோசித்தது. வலை ஆடியது. லிஃப்ட் அண்ணன் சொன்னது.'