சுவரில் வரைந்த தண்ணீர் வரிசை

ஊர்ப்பொதுவில் கலை வளர்க்கிற வேலைக்கு முதல் தகுதி நல்ல தொண்டை. ரசனையை அப்புறம் சம்பாதித்துக்கொள்ளலாம். சொசைட்டி விழாவுக்கு மேடை போட்டவர்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக்கோடு மல்லுக்கட்டியவர்கள், ஏதாவது ஒரு கமிட்டியில் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள், நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நீங்கள் தலையில் கை வைப்பீர்கள்.

நாற்காலிக்காரி

எட்டாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்து, அதே பையை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் கூவி விற்று, கடைசியில் விழாக்களுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிற ஆளானேன். ஒரு சாயங்காலம் செம்பூர்ப் பூங்காவில் வார்டு ஆபீசின் கலைப் பிரிவு பாட்டுக் கச்சேரி வைத்திருந்தது. நாற்காலி என்னுடையது. பாடகர் வரவில்லை. மைக் செட் ஏதோ ஒரு ஊர்வலத்தோடு போய்விட்டது. கூட்டம் கத்துகிறது. அதிகாரி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. ஊர்வலத்தின் பின்னாலேயே ஓடி மைக்கைப் பிடுங்கி வந்தேன். தினமும் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து பஜனை பாடுகிற நாலு பேரை மேடையில் ஏற்றினேன். நடுவில் ஒரு நாற்காலியை உதைத்து உடைத்தேன், அதுவும் என்னுடையதுதான். மறு வாரம் கூப்பிட்டு, வார்டின் கலை நிகழ்ச்சிகளைக் கவனிக்க ஒப்பந்தத்தில் சேரச் சொன்னார்கள். எனக்குப் பாட்டும் தெரியாது, படமும் தெரியாது என்றேன். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மேடம். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்குகிறவர் ஒருத்தர்கூட இல்லை."

சுவரோரக் குப்பை

என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை சுவர்ச் சித்திரம். தாராவியில் நான் பிறந்து வளர்ந்த சந்தில், பம்ப் ஹவுசின் நீளச் சுவர். வரைய நான் பிடித்த ஆள் சேவியர். கடை போர்டும் வண்டி நம்பர் பிளேட்டும் எழுதுகிறவர். காலேஜில் படித்த ஓவியர்களின் சுவர்களுக்குப் பத்து வருஷமாகச் சாயம் கலக்கிக் கொடுத்து, அவர்கள் போட்ட கோட்டுக்குள் நிறம் ரொப்பியவர். மூலையில் கையெழுத்து மட்டும் அவர்களுடையது. சொந்தமாகச் சுவர் கிடைக்க வேண்டுமென்றால் வார்டின் ஓவியர் பட்டியலில் பேர் ஏற வேண்டும். அதற்கு சர்டிபிகேட் வேண்டும். நான் மூன்று நாள் அதிகாரியின் உயிரை வாங்கி ஒரு வழி பேசி முடித்தேன்: சேவியர் ஒரே ஒரு சுவரை முடிக்க வேண்டும், அதன் மேல் புகார் எதுவும் இருக்கக்கூடாது, மூன்று பேர் குழு வந்து பார்த்துச் சரியென்றால் பேர் ஏறும். இந்தச் சுவர் போனால் சேவியருக்கு வேறு சுவர் கிடையாது.

பூநாரைக் கூட்டம் வரைவதாகத் திட்டம். சுவரோரம் பார்த்தால் ஒரே குப்பை: உடைந்த பக்கெட், ஒற்றைச் செருப்பு, கயிறு கட்டிய கேன், செங்கல், நெளிந்த எண்ணெய் டின். அள்ளச் சொன்னேன். லாரி வந்து கொண்டுபோய்விட்டது. மறுநாள் காலையில் சந்தே கூடி என்னைச் சுற்றி நிற்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது குப்பை இல்லை, தண்ணீர் வரிசை. இருபத்து மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு பொருள், பல வருஷமாக இடம் மாறாத வரிசை. வீட்டை விற்றால் அந்தச் செருப்பையும் சேர்த்துத்தான் விற்பார்கள். அதில் ஒரு டின்னின் பின்னால் சின்ன வயதில் நானே நின்றிருக்கிறேன். செம்பூரில் குழாயைத் திறந்தால் கொட்டுகிற வீட்டுக்குப் போய் எட்டு வருஷம், மறந்தே போனேன். அந்தச் சந்துக்குத் தலைவி மாதிரி இருக்கிற பேச்சியம்மா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்: "ஏளா மெகரு, ஏழாவதா கெடந்தது என் செருப்பு. அத லாரியில ஏத்திட்டே. இப்ப நான் எங்கன நிக்க? நீயே சொல்லு."

கேட்ட விலை

வரிசையை நினைவிலிருந்து மறுபடி போட்டுவிடலாம் என்றேன். போட்டுப் பார்த்தோம். முதல் ஐந்து இடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு நாள் கத்தல், ஒரு குடம் நசுங்கல், ஒரு சம்பந்தி முறிவு. மூன்றாம் நாள் பெண்களே கூடிப் பேசி வரிசையை முடிவு செய்துவிட்டு, ஒரு கோரிக்கையோடு வந்தார்கள். சுவரில் பறவை வேண்டாம். எங்களை வரையுங்கள். குடத்தோடு, வரிசையாக.

நான் உருகிப்போனேன். என் ஜனங்களுக்கு இவ்வளவு கலை ஆர்வமா! ஆனாலும் வியாபாரி புத்தி விடுமா? ஆறு பேரை வரைகிறோம் என்றேன். இருபத்து மூன்று என்றார்கள். பன்னிரண்டு என்றேன். இருபத்து மூன்று என்றார்கள். கத்தினேன், கும்பிட்டேன், கிளம்புகிற மாதிரி பாவலா காட்டினேன். இருபத்து மூன்றுதான். கேட்ட விலைக்கே நான் வாங்கியது அதுதான் முதல் தடவை. சேவியர் பிரஷ்ஷைக் காதில் சொருகிக்கொண்டு பெருமூச்சு விட்டார்: "போர்டுல தப்பு விட்டா கடைக்காரர் ஒருத்தர்தான் ஏசுவாரு. இங்க இருபத்து மூணு மூஞ்சி, அக்கா. ஒரு மூக்கு கோணுனாலும் நான் ஊருக்கு ரயில் ஏறணும்."

ஒரு சொட்டு

திட்டம் மாறினால் கலைப் பிரிவின் ஆலோசகர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆலோசகர் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற ரமணி சார். தங்கமான மனுஷர். வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரிம்மா, குழாய்ல தண்ணி எங்கே? பொலபொலன்னு கொட்டற மாதிரி போடச் சொல்லு. பார்க்கறவாளுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

அந்தச் சுவரில் அருவி மாதிரி தண்ணீரை வரைந்தால் பெண்கள் சேவியரைச் சுவரோடு சேர்த்துச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் பாதி வேகம் போதும் என்றார். நான் தண்ணீரே கிடையாது என்றேன். நூல் மாதிரி ஒரு கோடு என்றார். மேஜையைத் தட்டினேன், டீ அவர் வேட்டியில் சிந்தியது. ஒரு மணி நேரம் பேரம் பேசி ஒரே ஒரு சொட்டில் முடித்தோம். குழாய் வாயில் தொங்குகிற சொட்டு, கீழே விழக்கூடாது. கையெழுத்துப் போடும்போது ரமணி சார் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஒரு சொட்டுக்கு இந்தக் கத்தல் கத்தறாளே, குடத்துக்குச் சண்டை போட்டா பில்டிங் நிக்குமா?"

நீ மைமூனா?

சேவியர் பதினாறு நாளில் முடித்தார். மூஞ்சி எல்லாம் அச்சு அசல். பேச்சியம்மாவின் முன்பல் இடைவெளி முதற்கொண்டு. குழு வர இரண்டு நாள் இருந்தது. காலையிலேயே ஆபீஸ் மூலமாக என் போனுக்கு ஒரு புகார் வந்தது, சுவரின் படத்தோடு: 'வார்டு ஆபீஸ் வரைந்த இந்தச் சுவர் என்னைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை.' படித்தேன். மறுபடி படித்தேன். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

சந்தில் ஒவ்வொருத்தியும் தன் படத்துக்கு நேர் கீழே குடத்தோடு நிற்கிறாள். ஓரத்தில் காலிக் குடத்தோடு ஒரு புதுப்பெண், பெயர் பாத்திமா, புகார் அவளுடையதுதான், கோவண்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மாமியார் மைமூன் மகளின் பிரசவத்துக்காக வாஷிக்குப் போயிருக்கிறாள்; அந்த இடத்தில் மருமகள் வந்து நின்றிருக்கிறாள். முன்பெல்லாம் அந்த வீட்டுக்கு அடையாளம் ஒரு எண்ணெய் டின். டின்னுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இப்போது சுவரில் மைமூனின் முகம் இருக்கிறது. கலை ஆர்வம் என்று நான் உருகியது இதற்கா? கோரிக்கை வைத்தவர்கள் படம் கேட்கவில்லை, லாரியில் ஏற்ற முடியாத பட்டா கேட்டிருக்கிறார்கள்! பேச்சியம்மாவிடம் பாய்ந்தேன். அவள் அசையவில்லை, பாத்திமாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "செவுத்துல மைமூன்லா நிக்கா. நீ மைமூனா?"

கோவண்டிப் பேரம்

புகார் இருக்கிற வரை சேவியரின் பேர் ஏறாது. அவர் சாய டப்பாக்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் பாத்திமாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். வரிசையின் கடைசியில், இருபத்து நாலாவதாக உன்னையும் வரைகிறோம், புகாரை வாபஸ் வாங்கு என்றேன். மாட்டேன் என்றாள். மைமூனின் முகத்தை அழித்து உன் முகம் போடலாம் என்று வாய் தவறிச் சொன்னேன். "அவங்க திரும்பி வந்தா என்னைய அழிச்சிருவாங்க லாத்தா" என்றாள். அப்புறம் ரொம்ப அடக்கமாக, வரிசையிலேயே எனக்கு இடம் வேண்டாம், குழாய்ப் பக்கம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி போடுங்கள், எல்லார் குடத்திலும் நானே பிடித்து விடுகிறேன் என்றாள்.

பெண்களுக்கு ஒரே சந்தோஷம். வேலைக்காரி மாதிரி ஒருத்தி கிடைத்தாளே! சேவியர் அன்று சாயங்காலமே வரைந்து முடித்தார். அவள் போனில் புகாரை வாபஸ் வாங்கினாள். மறுநாள் காலை தண்ணீர் வந்தது. ஹோஸைக் கையில் எடுத்தவள் முதலில் தன் குடத்தில் வைத்தாள். பைப் பிடிக்கிறவளுக்கு முதல் குடம் என்பது மும்பை முழுக்க எல்லாச் சந்திலும் இருக்கிற வழக்கம். மைமூன் போக மற்ற இருபத்து இரண்டு பேரும் கத்த வாயைத் திறந்து, வழக்கம் நினைவு வந்து மூடிக்கொண்டார்கள். வரிசையில் முதல் ஆளையும் தாண்டிப் போய்விட்டாள். இருபது வருஷம் தெருவில் பேரம் பேசியவள் நான், எனக்கே அது உறைக்கவில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டும்போது சொன்னாள்: "கோவண்டில எங்க சந்துல தண்ணி பதினஞ்சு நிமிஷந்தான் லாத்தா. நான் அங்க பொறந்தவ."

மூன்று பேர் குழு

குழு பத்து மணிக்கு வரவேண்டும். கார் ஏழேகாலுக்கே வந்துவிட்டது, தண்ணீர் வருகிற நேரம். ரமணி சார், நம் அதிகாரி, கலைக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை. சந்தில் மைமூன் போக இருபத்து இரண்டு பேர், ஒவ்வொருத்தியும் தன் முகத்துக்குக் கீழே. ஹோஸ் பிடித்த பாத்திமாவுக்கு மேலே ஹோஸ் பிடித்த பாத்திமா. சேவியர் பம்ப் ஹவுசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பேராசிரியை அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரும் மனிதர்களும் சேர்ந்த இந்த நிகழ்ச்சியை யார் இயக்கியது, இதைத் தினமும் நடத்த முடியுமா என்று தமிழ் தெரிந்த ரமணி சாரைக் கேட்கச் சொன்னார். கேட்டார். பேச்சியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "தினமுந்தான் நடக்கு. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்கய்யா, பைப்ப மிதிக்காதிய."

மூலையில் ஒரு பேர்

அங்கேயே, கார் பானெட்டின் மேல் வைத்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சேவியர் ஓவியர் பட்டியலில் ஏறினார். பேராசிரியை சுவரில் உங்கள் பேரை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வருஷமாக அடுத்தவர்கள் எழுதுவதைப் பார்த்தவர், காதிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். எல்லா ஓவியரையும் போல வலது மூலைக்குப் போனார். அது வரிசையின் ஆரம்பம். "அங்கன எப்படி? எனக்கு முன்னாலயா?" என்று முதல் ஆள் கத்த, இரண்டாவது, மூன்றாவது என்று சுவர் நெடுகக் கத்தல் ஓடியது. நான் இது கையெழுத்து, படம் வரைந்தவருடைய உரிமை என்று அவர்களைவிடப் பெரிசாகக் கத்தினேன். ஒருத்திகூட நகரவில்லை.

சேவியர் சாயத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தார். இருபத்து மூன்றாவது ஆளுக்குப் பின்னால், சேவியர் என்று போர்டு எழுதுகிற அழகான எழுத்தில் எழுதினார். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. பேச்சியம்மா, கிட்டே போய் ஈர எழுத்தை விரலால் தொடாமல், பக்கத்தில் கையை வைத்து அளந்து பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்: "பேரு வந்துட்டுல்லா? நாளைக்கு ஒரு கொடம் கொண்டாங்க. இருபத்து நாலாம் நம்பரு ஒங்களுக்குத்தான்."

ஓவியர் பட்டியலில் ஏறச் சேவியருக்குப் பத்து வருஷமும், தண்ணீர் வரிசையில் ஏற அரை நிமிஷமும் ஆயின; இரண்டில் எதைச் சொல்லி அவர் ஊரெல்லாம் பெருமையடிக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கள் கலைப் பிரிவின் மானம் போகும்.