ஹுவான் சாப்பிட்ட கடலை

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோக மனைவி கடலை அவித்தாள். தங்கச்சியோடு ஃபோனில் கதைத்த உற்சாகத்தில் அது அடிப்பிடித்துவிட்டது. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெரு முழுக்க மணம். அவள் யன்னல் யன்னலாகத் திறந்துகொண்டு ஓட, நான் நின்று சிரித்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை விடுங்கள். எனக்கு ஹுவானின் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் டூட்டிங்கில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவினேன். ஊரில் எனக்குக் கணக்கில் புலி என்று பெயர். இங்கே முழங்கை வரை சவர்க்கார நுரை. மரக்கறி வெட்டும் மூலையில் இரண்டு ஸ்பானியர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். ஹுவான் மொத்தமான ஆள், வாய் ஓயாது. மனுவேல் மெலிந்தவர், கேட்டால்தான் பதில். பல வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பவர்கள். குசினிக்குள் ஆங்கிலம்தான் பேசவேண்டும் என்பது செஃப்பின் கட்டளை. எங்கள் மூவரின் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு உடைந்திருந்ததால் நல்ல பொருத்தம். இப்போது நினைத்தால் அவர்கள் பேசியதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் காதில் விழுகிறது.

ஒருநாள் சாலட்டுக்கு அவித்த கடலை கருகிவிட்டது. அந்த மணத்தில் ஹுவானுக்குக் கதை வந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து பல வருடமாகியும், தோற்ற பக்கத்து ஆட்கள் சிலர் மலைகளில் ஒளிந்திருந்து சண்டை பிடித்தார்களாம். அவர்களைப் பிடிக்க அனுப்பிய பட்டாளத்தில் இவரும் ஒருவர். கட்டாயச் சேவை.

“மலை ஏறி ஏறிக் கால் செத்துப்போச்சு. கடைசியா ஒரு குகை. உள்ள ஒருத்தரும் இல்லை, அடுப்பில கடலைப் பானை கொதிக்குது! முழுக்கச் சாப்பிட்டம். ஆனா உப்பே இல்லை.”

மனுவேல் கத்தியைக் கீழே வைத்தார்.

“உப்புக்கு நான் எங்க போறது? றோட்டெல்லாம் நீங்கள்தானே மறிச்சு வச்சிருந்தனீங்கள்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பது நான் மட்டும்தான் என்று தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மனுவேல் ஆடு மேய்த்தவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்று அவர் மேலே பாறைக்குப் பின்னால் பசியோடு படுத்திருந்து, பட்டாளம் தன் பானையை வழிப்பதைப் பார்த்தாராம். அதற்குச் சற்று முன்னர், பட்டாளத்தைத் திசைதிருப்ப அவருடைய தம்பி ஆற்றுப் பக்கம் ஓடியிருக்கிறான். வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

“ஆத்துப் பக்கம் ஓடினவன் என்ர தம்பி,” என்றார் மனுவேல்.

ஹுவான் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “நாங்கள் இறங்கி வரேக்க கரையில விழுந்து கிடந்தான். தண்ணி குடுத்தன், குடிச்சான். கொஞ்ச நேரம்தான், போயிட்டான். விட்டிட்டு வாங்கோ எண்டாங்கள். நானும் இன்னொருத்தனும் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்.”

“காலில சப்பாத்து இருந்ததோ?”

“ஓம். எங்கட ஆக்கள் கழட்டப் பாத்தவங்கள். நான் விடேல்லை.”

மனுவேல் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு மற்ற மூலைக்குப் போனார். சில கிழமைகள் ஹுவானின் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் அவர் முன்னால் வந்து நின்று, “இடம் காட்டுவியோ?” என்றார்.

“காட்டுறன்.”

கோடையில் இருவரும் ஒரே நேரத்தில் லீவு எடுக்க, செஃப் குதித்தார். என்னைத் தொட்டியிலிருந்து மரக்கறிக்கு மாற்றினார்கள். அந்த ஹோட்டலில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

வெயிலில் சிவந்து, சண்டை பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

“இவனுக்கு மலையே தெரியாது. பிழையான பள்ளத்தாக்கெல்லாம் ஏத்தி இறக்கினான்,” என்றார் மனுவேல்.

“இவன் இந்த வயசிலயும் ஆடு மாதிரி ஏறுறான். அண்டைக்கு எப்பிடிப் பிடிக்கிறது?” என்றார் ஹுவான்.

எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. ஹுவானே தனியாகச் சொன்னார். இடம் கிடைத்ததாம். பொழுது சாயும்வரை மனுவேல் அங்கே இருந்தாராம். இவர் தள்ளி நின்று சிகரெட் பிடித்தாராம். பெயர் வெட்டிய ஒரு கல் வைத்துவிட்டு வந்தார்களாம்.

தொண்ணூறுகளில் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்கள். ஹோட்டலை உடைத்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். குசினி இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. எங்கள் ஊர்ச் சண்டையும் முடிந்துவிட்டது. அதில் காணாமல்போன என் மச்சான் ஒருவன் எங்கே கிடக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. இந்த லண்டனில் எத்தனையோ பேரோடு இருந்து கதைத்துவிட்டேன். ‘நான்தான் தாட்டனான், வா காட்டுறன்’ என்று சொல்ல ஒருவரும் வாய்க்கவில்லை.