ஒரே தடவை கேட்டது

மார்லா ஸ்டௌஃபர் எங்கள் சபை மண்டபத்தில் எழுந்து நின்று பேசியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கைதட்டல் பலமாகவே கிடைத்தது. அது அடங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பெரிய பாவி ஒன்றும் அல்ல. முட்டைக்கோழிப் பண்ணைக்காரரின் இரண்டாவது மகள். மூத்தவள் ஜோலீன் பாடுவாள், ஆடுவாள், ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடும். மார்லாவுக்கு வாய்த்தது பல் டாக்டரின் முன்னறையில் போன் எடுக்கும் வேலை. பிறகு பால் டாங்கர் ஓட்டும் வெண்டலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். நம்மையும் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குள் அணையாமல் கிடந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. எனக்கும் அது உண்டு.

மூத்த பெண் தபித்தாவுக்கு எட்டு வயதானபோது, டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர், “இவ கொஞ்சம் மெதுவா வர்ற பொண்ணு. அவசரப்படுத்தாதீங்க” என்று சொன்னாள். மார்லாவுக்கு அது தன்னைச் சொன்ன மாதிரி சுருக்கென்று தைத்தது. அந்த வாரமே இரண்டு பெண்களையும் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். பழைய பாடநூல்களைக் கொல்லைப்புறத்துத் தகர டிரம்மில் போட்டு எரித்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் பதினோரு கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. மார்லாவும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். பெயரும் தேதியும் அடுக்கிய பாடநூல் எங்களுக்குச் செத்த புத்தகம். கடலோ, தேனீயோ, பழைய ராஜாக்களோ, ஏதோ ஒன்றின் மேல் பித்தாக இருந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியதுதான் உயிருள்ள புத்தகம். காலையில் ஜெபம், வேதம், அதன் பிறகு அந்தப் புத்தகம். அம்மா ஒரே ஒரு தடவை வாசிப்பாள். பிள்ளை தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை வாசிக்கக் கூடாது. வாசித்தால் பிள்ளையின் கவனம் சோம்பிவிடும். பிள்ளை சொல்லும்போது யாரும் குறுக்கே பேசவும் கூடாது. இந்த முறையில் நல்ல பிள்ளைகள்தான் வளர்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இளையவள் லிடியாவுக்கு ஏழு வயது. திமிங்கல வேட்டையைக் கேட்டால் கைகால் ஆட்டி, கப்பலைக் கவிழ்த்து, மாலுமிகளை மூழ்கடித்து, கால்மணி நேரம் சொல்வாள். தபித்தாவின் முறை வந்தால் வீடு அமைதியாகிவிடும்.

“ஒரு திமிங்கலம் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம்... தெரியலம்மா.”

“தெரியலையா, கேக்கலையா?”

“கேட்டேன்.”

“கேட்டா எங்கடி போச்சு அது? காது வழியா வந்து காது வழியாவே போயிடுச்சா?”

லிடியா சிரிப்பாள். மார்லாவும் சிரிப்பாள். தபித்தாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். பார்க்கச் சகிக்காது.

அக்டோபரில் மார்லா தானாகவே ஒரு சட்டம் கொண்டுவந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் அது. திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லாதவள் அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் பேசவே கூடாது. “சொல்றதுக்கு எதுவும் இல்லல்ல? அப்போ வாய்க்கு வேலை இல்ல. காதுக்கு மட்டும் வேலை குடு.” வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாள், அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் குழாயைக் காட்டுவாள். ஒருமுறை காய்ச்சல் வந்ததை நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பேசாத பிள்ளை பக்கத்தில் இருப்பதே மறந்துபோகும். மார்லாவும் மறந்துபோனாள்.

பிப்ரவரியில் மார்லாவின் வயிற்றில் இருந்த ஆண் பிள்ளை ஐந்தாம் மாதம் தங்காமல் போனது. ஜோசியா என்று பெயர் வைத்துச் சபைக்குப் பின்னால் பனியை வெட்டிப் புதைத்தார்கள். சபைப் பெண்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பத்தாம் நாள் மார்லா பாடம் நடத்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். என்ன மனோபலம் என்று எல்லோரும் மெச்சினோம். அந்த வீட்டுக்குள் தபித்தா பேசாத நாட்கள் கூடிப்போனது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை.

மே மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“மார்லா, போதும். ஜூன்ல மிஸஸ் க்ளிங் வருவாங்கல்ல? தபித்தாவைப் பேச வச்சுப் பாத்து, பாஸ்னு கையெழுத்துப் போட்டா நீ நடத்து. போடலைன்னா ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் டவுன் ஸ்கூல்.”

“ஒரு வருஷம் நான் உயிரைக் குடுத்து...”

“இவளைப் பாரு. நாய்க்குட்டிகூட குரைக்குது.”

மறுநாள் தபித்தா அடுப்பங்கரைக்கு வந்து அம்மாவின் கைப்பக்கம் நின்றாள். “நான் பாஸ் பண்ணினா உங்ககூடவே இருக்கலாமாம்மா?”

“பண்ணு மொதல்ல. பாக்கலாம்.”

மிஸஸ் ஆர்டித் க்ளிங் நாற்பது வருடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பேசி, இந்த வருடம் ஒழுங்காகப் படித்தது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மார்லா ஒரு காரியம் செய்தாள். பனிக்கட்டியில் கப்பல் சிக்கிக்கொள்ளும் அதிகாரம் ஒன்றை எடுத்து, மூன்று வாரத்தில் இருபது தடவைக்கு மேல் தபித்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். மற்ற அம்மாக்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும். எங்கள் முறையில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை. பெண் கடைசியில் அதை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தாள். மார்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருட முடிவு விருந்தன்று, மிஸஸ் க்ளிங் எப்போதும் பின்னறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான்.

“எதுக்கு ஒளிச்சு மறைச்சு? பிள்ளைங்க சொல்றதை எல்லாரும் கேக்கட்டுமே!”

“எனக்கு நாற்காலியை எங்க போட்டாலும் ஒண்ணுதான்” என்றார் மிஸஸ் க்ளிங்.

விருந்து ஜூன் இரண்டாம் சனிக்கிழமை மதியம். நீள மேஜையில் கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட தட்டங்கள், பீட்ரூட் சாற்றில் ஊறின முட்டை, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை. ஜோலீனும் வந்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் ஓர் அம்மா தன் வீட்டுப் பள்ளியின் ஆண்டைத் திரும்பிப் பார்த்து எழுதி வாசிப்பது வழக்கம். அந்த வருடம் மார்லா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நன்றாகவே எழுதியிருந்தாள். இருபத்தேழு புத்தகங்கள், ஓடைக்கரையில் வரைந்த பறவைகள், காலை ஜெபத்தில் லிடியா கேட்ட கேள்விகள். ஜோசியாவைப் பற்றியும் எழுதியிருந்தாள். “அந்தக் குளிர்காலத்தில் புத்தகங்கள் எங்களைத் தாங்கின. என் பெண்கள் இருவரும் எனக்குக் கர்த்தர் கொடுத்த ஆறுதல்” என்று முடித்தாள். பாதிப் பேர் அழுதோம். ஜோலீன் எழுந்து நின்று கைதட்டினாள். முப்பத்தாறு வயதில், அக்கா தனக்காகக் கைதட்டுவதை மார்லா முதல்முறையாகப் பார்த்தாள்.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பியானோ பக்கத்து நாற்காலிக்குப் போனார்கள். லிடியா ஒரு போர்க்களத்தையே நடத்திவிட்டு இறங்கினாள். அடுத்து தபித்தா போய் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மிஸஸ் க்ளிங் அன்று எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். “இந்த வருஷம் ஒரே தடவை கேட்டு உனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது ஒண்ணைச் சொல்லும்மா.”

தபித்தா அம்மாவைப் பார்த்தாள். மார்லா உதட்டை அசைத்து, “கப்பல்” என்றாள்.

“கப்பல் தெரியும் மிஸஸ் க்ளிங். ஆனா அது ஒரு தடவை இல்ல. அம்மா நிறையத் தடவை வாசிச்சாங்க. தினமும் வாசிச்சாங்க.”

மேஜைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மார்லாவின் கழுத்து சிவந்தது. “அது வந்து, அவ குழப்பிக்கிறா...”

“பரவால்ல. அதை விடு” என்றார் மிஸஸ் க்ளிங். “ஒரு தடவை மட்டும் கேட்டது ஒண்ணும் இல்லையா? எதுவா இருந்தாலும் சரி.”

பெண் யோசித்தாள். சொல்ல ஒன்று கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“பிப்ரவரியில ஒரு நாள். எனக்குப் பேசக் கூடாத நாள். நான் துணி துவைக்கிற ரூம்ல சாக்ஸ் ஜோடி சேத்துட்டிருந்தேன். டிரையர் ஓடிட்டிருந்துச்சு. அம்மா போனைத் தோள்ல இடுக்கிட்டுத் துண்டு மடிச்சாங்க. அந்தப் பக்கம் பெரியம்மா. பெரியம்மா சொன்னது எனக்குக் கேக்கல. அதனால அம்மா சொன்னது மட்டும் சொல்றேன்.”

ஜோலீன் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். மார்லா எழுந்தாள். “தபித்தா, அது புத்தகம் இல்ல. இறங்கு.”

மிஸஸ் க்ளிங் விரலை உயர்த்தினார். “மார்லா. பிள்ளை சொல்லிட்டிருக்கு.”

அவள் உட்கார்ந்தாள். பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசிய மற்ற அம்மாக்களை அந்த வருடம் முழுக்கக் கண்டித்தவள் அவள்தான்.

“அம்மா சொன்னாங்க, ‘ஏதோ ஒண்ணை எடுத்துத்தான் தீரணும்னா, இதை எடுத்திருக்கலாமே ஜோலீன். அவன் வாயே திறக்காம போயிட்டான். இது வாயைத் திறந்தும் ஒண்ணும் வர்றதில்ல. தினமும் இது மூஞ்சியைப் பாக்கறப்போ, கர்த்தர் பிள்ளையை மாத்தி எடுத்துட்டாருன்னு தோணுது.’ அப்புறம் பெரியம்மா ஏதோ சொன்னாங்க. அம்மா சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. மடிச்ச துண்டுலயே மூக்கைத் துடைச்சுட்டு அதைத் திரும்ப மெஷின்ல போட்டாங்க. ‘சரி, வெக்கறேன், அடுப்புல கோழி இருக்கு’ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி கோழிதான் சாப்பிட்டோம். அவ்ளோதான்.”

ஒரு வருடத்தில் அந்தப் பெண் தானாகத் தொடர்ச்சியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு திக்கல் இல்லை. முடித்துவிட்டு, மெச்சுவார்களா என்று ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தாள். லிடியாவுக்குத் தட்டிய மாதிரி யாரும் தட்டவில்லை.

மிஸஸ் க்ளிங் பேனாவைத் திறந்தார். “கவனம், மிக நன்று. ஞாபகம், மிக நன்று. கோர்வையாகச் சொல்லுதல், மிக நன்று” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை எடுத்துப்போய் மார்லாவின் முன்னால் வைத்தார்.

“நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கே” என்றார்.

வண்டியில் பின்சீட்டிலிருந்து தபித்தா கேட்டாள், “நான் பாஸா அப்பா?”

“பாஸும்மா” என்றான் வெண்டல். அவனால் வண்டியைக் கிளப்ப முடியவில்லை. சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“அப்போ நான் வீட்லயே இருக்கலாம்!”

மார்லா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டிய நேரம் அது. மன்னிப்பு என்று ஒன்று உண்டு. நாங்கள் வாரம் தவறாமல் அதைப் பற்றிப் பாடுகிறோம். அவள் கேட்டது வெண்டலிடம். “இவளை ஸ்கூல்ல சேத்துடு. என்னால இவளோட ஒரே வீட்ல இருக்க முடியாது. நான் மூச்சு விட்டாக்கூட இது கேட்டுட்டிருக்கும்.”

வெண்டல் சண்டை போட்டான். ஜூலை முழுக்கப் போட்டான். பாஸ்டரிடம்கூடப் போனார்கள். கடைசியில், பிள்ளைக்கு அந்த வீட்டைவிடப் பள்ளிக்கூடமே மேல் என்று அவனுக்கும் பட்டது. தபித்தாவை மட்டும் சேர்த்தான். லிடியா அம்மாவிடமே இருந்தாள்.

ஆகஸ்டு கடைசி வாரம் மஞ்சள் பஸ் அவர்கள் பாதை முனையில் வந்து நின்றது. வெண்டல் பால் எடுக்கப் போய்விட்டதால் கொண்டுவிட மார்லா வந்திருந்தாள். தபித்தா முதுகுப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

“நான் பாஸ் பண்ணினேன்ல?” என்று கேட்டாள்.

“பண்ணினே.”

“அப்புறம் ஏம்மா? அன்னைக்கு நான் ஏதாவது விட்டுட்டேனா?”

டிரைவர் காத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்ல” என்றாள் மார்லா. “நீ ஒண்ணும் விடல. ஏறு.”