அப்பா வாசம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் வாழை இலைக்கு வந்து சேர்ந்தது. உளுந்த வடை, ஏலக்காய் போட்ட டீ, புது வேட்டி. கடைசியாக மாமா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து இலையோரம் வைத்தார். ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, அந்தச் சிகரெட்டால்தான் இருமி இருமிச் செத்தார். புதுக்கோட்டை டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் செத்தவர் ஆசைப்பட்டதை வைக்காவிட்டால் ஆத்மா அலையும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

வைத்தால் மட்டும் போதாது, மகன் அதைப் பற்றவைத்து வைக்க வேண்டும். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு எட்டு. தீப்பெட்டியைக் கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடல்காற்றில் மூன்று குச்சிகள் அணைந்தன.

“சும்மா காட்டுனாப் பத்தாதுடா, வாயில வச்சு இழு,” என்றார் மாமா.

“வேணாண்ணே, சின்னப்புள்ள,” என்று மூலையிலிருந்து அம்மா சொன்னாள்.

“சாங்கியத்துக்கு ஒரு இழுப்புதான தங்கச்சி. அப்பனுக்கு மகன் செய்யாம வேற யாரு செய்வா?”

சாங்கியம் என்று வந்துவிட்டால் அப்புறம் யார் பேச முடியும்? அண்ணன் இழுத்தான். கண்ணில் நீர் வர இருமினான். “அப்பன மாதிரியே புடிக்கிறான் பாருங்க,” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு நாள் அழுத வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதன்பின் அவனை யாரும் சின்னப்பிள்ளையாக நடத்தவில்லை. டீக்கடை பெஞ்சில் மாமாவின் சிநேகிதர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டீயோடு சிகரெட்டும் கொடுத்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அப்பாவே வந்துவிட்டது போல் இருந்தது. அவன் சட்டையில் முகத்தை வைத்து மோந்தேன்.

“அண்ணே, ஒன்கிட்ட அப்பா வாசம் வருது.”

அவன் பயந்துபோனான். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று தெரிந்ததும் என் தலையைத் தடவினான். அதற்குப் பிறகு தினமும் அவன் வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வேன். வாசம் இல்லாத நாளில், “இன்னிக்கு அப்பா வாசமே இல்ல,” என்று சிணுங்குவேன். மறுநாள் இருக்கும்.

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பைப்படியில் அம்மா அவன் சட்டைக்குச் சோப்புப் போட்டுக் கும்மினாள், அலசினாள், முகர்ந்து பார்த்து மறுபடியும் சோப்புப் போட்டாள். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“தொவைக்காதம்மா, அப்பா வாசம் போயிரும்!”

அம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

போன மாதம் அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்தோம். அப்பா செத்த வயதைக்கூட அவன் எட்டவில்லை. அவன் இலையில் சிகரெட் வைக்க நான் விடவில்லை. ஆத்மா அலையும் என்றார்கள். அலைந்தால் என்னிடம்தான் வருவான், வரட்டும் என்றேன்.

பைப்படியில் அன்று அம்மா அப்பாவை நினைத்து அழுகிறாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.